பார்க்காத பந்துக்கு ஊதிய விசில்

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் ஃபோர்மேன். வாரத்தில் ஆறு நாள் கப்பலின் மேல்தளத்தில் நின்று இருபது பேரை வேலை வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு ஊரில் வாலிபால் ஆட்டத்துக்கு நடுவராக உயர நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கல்லூரியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன்தான். முழங்கால் ஒருமுறை பிசகியது, அப்புறம் சரியாகவே இல்லை. பந்தை விட மனசில்லாமல் பரீட்சை எழுதி நடுவரானேன்.

நாற்காலியில் நான் ரொம்ப மரியாதையான ஆள். ஆட்டக்காரர்களை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். கப்பலில் ஏறிவிட்டால் வேறு ஆள். காலையில் கத்த ஆரம்பித்தால் சாயங்காலம் தொண்டை கட்டிப்போய்த்தான் இறங்குவேன். ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் 'மில் சங்கு' என்று பட்டம் வைத்திருந்தார்கள். எனக்கும் அது தெரியும்.

அவ்வளவு கத்தலுக்கும் காரணம் பயம்தான். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவன் நான். கடலையே திருச்செந்தூருக்குப் போனபோதுதான் முதலில் பார்த்தேன். என் கீழ் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் கடலில் பிறந்த மாதிரி நடந்தார்கள். கயிறு எவ்வளவு தாங்கும், காற்று எப்போது திரும்பும் என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். குரல் தாழ்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நான் குரலை உயர்த்தியே வைத்திருந்தேன்.

அந்த இருபது பேரில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் விஞ்ச் டிரைவர். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். புன்னைக்காயல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நல்ல உயரம், பேச்சு குறைவு. நான் அவரை 'ஏய் விஞ்ச்' என்று கூப்பிடுவேன். இயந்திரத்தின் பெயரைச் சொல்லி ஒரு மனிதரைக் கூப்பிடுகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னொருவர் சிக்னல்காரர். கப்பலின் அடிக்கிடங்கு வாசலின் விளிம்பில் நின்றுகொண்டு, கீழே சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கையால் சைகை காட்டுவது அவர் வேலை. தூக்கு, நிறுத்து, இறக்கு, மெதுவாக, எல்லாம் கைதான். விஞ்ச் டிரைவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. அவர் அந்தக் கையை மட்டும் நம்பித்தான் இயந்திரத்தை இயக்குவார். எங்கள் சிக்னல்காரர் நாற்பத்தைந்து வயதுக்காரர். பல வருஷம் இயந்திரங்களின் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிப் போயிருந்தது. ஆனால் கண் கொக்கியை விட்டு நகராது. சுமை தூக்கிக்கொண்டிருந்தவரைச் சைகைக்கு மாற்றியது நான்தான். அவரிடம் கத்திப் பிரயோசனமில்லை என்பதால் அவரிடம் மட்டும்தான் நான் அமைதியாக இருந்தேன்.

அந்த வருஷம் தை மாதம் எனக்குக் கல்யாணமானது. என் மனைவி ஆற்றுக்கு அக்கரை ஊர். நான் ஞாயிறுதோறும் கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"ஊதிட்டு வாரதுக்கா இம்புட்டுத் தூரம் போறிய?"

"ஊதுறது லேசில்ல. வந்து பாரு, தெரியும்."

"அப்ப கூட்டிட்டுப் போங்க."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் பஸ் பிடித்து விஞ்ச் டிரைவரின் ஊருக்குப் போனோம். அங்கே மாதா கோயில் திருவிழா. கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்த மணல் வெளியில் இறுதி ஆட்டம். அந்த ஊர் அணிக்கும் தூத்துக்குடி மில் அணி ஒன்றுக்கும். ஊர் அணிக்கு விஞ்ச் டிரைவர்தான் கேப்டன் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். வெள்ளை பனியனும் கால்சட்டையுமாக அவரைப் பார்த்தபோது சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கப்பலில் பார்த்ததைவிட இரண்டு அங்குலம் கூட உயரமாகத் தெரிந்தார்.

"வாங்க சார்" என்றார். என் மனைவியைப் பார்த்து, "வாங்கம்மா, மணல்ல உக்கார வேண்டாம்" என்று சொல்லி, கோயிலுக்குள் போய் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து, நடுவர் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் போட்டுக்கொடுத்தார்.

ஆட்டம் நன்றாக இருந்தது. முதல் சுற்று மில் அணிக்கு, இரண்டாவது ஊருக்கு. மூன்றாவதில் மில் அணி பதினாலு, ஊர் அணி பதிமூன்று. பதினைந்து எடுத்தால் கோப்பை. அந்தக் காலத்து விதிப்படி சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி கிடைக்கும். சர்வீஸ் மில் அணியிடம் இருந்தது. கீழே நிற்க வேண்டிய இரண்டாவது நடுவர் அன்றைக்கு வரவில்லை. வலையருகே நடப்பதற்கெல்லாம் நான் ஒருவன்தான் கண்.

பந்து வந்தது. ஊர்க்காரர்கள் எடுத்து, தூக்கிக் கொடுத்தார்கள். விஞ்ச் டிரைவர் எழும்பினார். எதிரே மில் அணியின் ஒரு இளைஞன் தடுக்கக் கையை நீட்டிக்கொண்டு எழும்பினான்.

அந்த நொடியில் நான் என் மனைவியைப் பார்த்தேன்.

எனக்கு முதுகுப் பக்கம் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் வெயில் விழ, அவள் கையைத் தூக்கி நெற்றியில் வைத்தாள். எனக்கோ அவள் என்னைப் பார்த்துக் கையாட்டுகிற மாதிரி இருந்தது. கல்யாணமாகி இரண்டு மாதம். ஒரு ஊரே பார்க்க உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள் என்ற சந்தோஷம். ஒரு நொடிதான். திரும்பினபோது பந்து பின்கோட்டைத் தாண்டி மணலில் விழுந்து கிடந்தது.

தடுத்தவன் கையில் பட்டு வெளியே போயிருந்தால் சர்வீஸ் ஊர் அணிக்கு, ஆட்டம் தொடரும். படாமல் போயிருந்தால் மில் அணிக்குப் பதினைந்தாவது புள்ளி, ஆட்டம் முடிந்தது. கோட்டில் நின்றவர் வெளியே என்று மட்டும் கொடி காட்டினார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும். மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. நான் விசிலை ஊதி மில் அணிப் பக்கம் கையை நீட்டினேன்.

விஞ்ச் டிரைவர் நாற்காலிக்குக் கீழே வந்தார். "சார், தடுத்த கையில பட்டுச்சு சார்" என்றார். சத்தமில்லாமல், தகவல் சொல்வது போல.

"நான் பார்த்தேன். படலை" என்றேன்.

என்னை நிமிர்ந்து ஒரு கணம் பார்த்தார். "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குள் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நாற்காலியை நோக்கி வந்துவிட்டார்கள். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நின்றார். "ஏலே, முடிஞ்சிட்டுன்னு சொல்லுதாரு இல்லா? போங்க" என்றார். பிறகு பஸ் வருகிற வரைக்கும் எங்களோடு நின்று, ஏற்றிவிட்டுத்தான் போனார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது குழாயடியில் அந்த மில் இளைஞனைப் பார்த்தேன். மோதிர விரலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தான். விரல் வீங்கிச் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு எல்லாம் தெரிந்துபோனது. கோப்பை இன்னும் கொடுக்கவில்லை. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்ல இருபதடி தூரம்தான். நான் நேரே நடந்தேன்.

பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பேசாம வாரிய?"

"தலைவலி."

கொஞ்ச தூரம் போனதும், "அந்தத் தம்பிக்கு வெரல் அப்படி வீங்கியிருக்கே, பாத்தியளா? பந்து படாமலா வீங்கும்?" என்றாள். குத்திக் காட்டவில்லை. அவளுக்கு விதி ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டாள்.

"உனக்கு என்ன தெரியும்? வாய மூடிக்கிட்டு வா" என்றேன்.

கல்யாணமானதிலிருந்து அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உப்பளங்கள் தாண்டி ஊர் வரும்வரை அவள் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகவே எனக்குத் தயக்கமாக இருந்தது. விஞ்ச் டிரைவர் ஏதாவது சொல்வார், ஜாடையாகப் பேசுவார், குறைந்தது வேலையை இழுத்தடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எப்போதும் போல வந்து வணக்கம் சொன்னார். எப்போதும் போல இயந்திரத்தை ஓட்டினார். சிக்னல்காரரின் கை நிற்கச் சொன்ன இடத்தில் கொக்கி நின்றது, இறக்கச் சொன்ன இடத்தில் இறங்கியது. அன்றைக்கு நான் கத்தவே இல்லை. கத்த வாயைத் திறந்தால் 'நான் பார்த்தேன்' என்று நான் சொன்ன பொய்தான் காதில் கேட்டது.

மத்தியானம் ஷெட் நிழலில் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கமாகத் தனியே உட்காருவேன். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று முதலில் யோசித்தேன். ஊர் பார்க்க ஊதினதை ஒளித்துவைத்துத் திருத்துவது சரியாகப் படவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு நடுவில் நின்றேன்.

"அண்ணாச்சி" என்றேன். நான் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று விஞ்ச் டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான். நேத்து அந்தப் பந்து கையில பட்டுச்சு. நான் பாக்கலை. பாக்காமலே பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

அவர் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும் சார். நீங்க பஸ் ஏறினப்புறம் அந்தப் பையனே வந்து எங்கிட்டச் சொல்லிட்டான். அழுதுட்டான் பாவம். கோப்பையத் திருப்பித் தாரேன்னான். போலே, கொண்டு போன்னு சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா காலையிலேர்ந்து ஒண்ணும் சொல்லலை?"

"என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு, "அப்ப நீங்க என்னத்தத்தான் சார் பாத்துக்கிட்டிருந்திய?" என்று கேட்டார்.

பொய் சொல்ல அலுத்துப் போயிருந்தது. "என் சம்சாரத்தை" என்றேன். "வெயிலுக்கு நெத்தியில கைய வச்சா. எனக்குக் கையாட்டுறான்னு நினைச்சுட்டேன்."

விஞ்ச் டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த ஆள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. காது கேட்காத சிக்னல்காரர் பக்கத்திலிருந்தவரைச் சுரண்டி என்ன என்று கேட்க, அவர் நெற்றியில் கை வைத்து நடித்துக் காட்ட, இவரும் சிரித்தார். "நாற்காலிய நாந்தானே சார் அங்கன கொண்டு போட்டேன்! அப்ப தப்பு எம்மேலதான்" என்றார் விஞ்ச் டிரைவர்.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தன் தூக்கிலிருந்து பொரித்த மீன் ஒன்றை எடுத்து என் சோற்றில் வைக்கப் போனவர், நடுவழியில் கையை நிறுத்தி, "ஐயோ, நீங்க சைவமில்லா" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். மீனைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு மாங்காய்த் துண்டை என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். பஸ்ஸில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பந்தைப் பார்க்காமல் எதைப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். அடுப்பங்கரையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"இதப் போயி இருபது ஆம்பிளைக கிட்டச் சொன்னியளாக்கும்?"

"ஆமா."

"இனிமே நான் துறைமுகப் பக்கமே தலைகாட்ட முடியாது" என்றாள். ஆனால் கோபமில்லை. அவள் காது சிவந்திருந்தது.

அதன் பிறகு கப்பலில் நான் மாறினேன் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நடந்ததோ மெதுவாகத்தான். கத்துவது ஒரு பழக்கம், அது நாலைந்து வாரம் திரும்பத் திரும்ப வந்தது. கத்தலை விட்டபோது முதலில் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் நாற்காலியில் செய்வதையே இங்கேயும் செய்யத் தொடங்கினேன். ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு இன்றைக்கு எது செல்லும், எது செல்லாது என்று சொல்வோம். அதுபோலக் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, இன்றைக்கு என்ன சரக்கு, எது ஆபத்து, யார் எங்கே என்று ஐந்து நிமிஷம் சொன்னேன். தெரியாததை விஞ்ச் டிரைவரிடம் எல்லோர் முன்னும் கேட்டேன். "அண்ணாச்சி, இந்தக் காத்துக்கு இவ்வளவு தூக்கலாமா?" என்றால் வானத்தைப் பார்த்துவிட்டு, "பாதியாத் தூக்குவோம் சார்" என்பார். எனக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை மறைக்கத்தான் இத்தனை நாள் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கும்.

ஆடி மாதக் காற்று ஓய்ந்து சில நாள் கழித்து அந்த விபத்து நடந்தது.

ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு வந்த இயந்திரங்கள், மரப்பெட்டிகளில். பெட்டியைச் சுற்றிப் போடுகிற கயிற்றை சிலிங் என்போம். அதில் மாட்டித்தான் கொக்கி தூக்கும். ஒரு பெட்டி கிடங்கு வாசலைத் தாண்டி மேலே வந்தபோது சரிந்து மேல்தளத்தில் விழுந்து உடைந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் துள்ளி விலகியதில் கை சுளுக்கிக்கொண்டார். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நான் ஏணிப் பக்கம் திரும்பி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

கம்பெனி அதிகாரி அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"ரிப்போர்ட்டை இப்பவே எழுதிக் குடுங்க. சிக்னல்மேன் தப்பா சைகை குடுத்துட்டான்னு எழுதினாப் போதும்."

"அவர் தப்பாக் குடுத்தாரான்னு எனக்குத் தெரியாது சார். நான் பாக்கலை."

"காது கேக்காத ஆளு. அது போதாதா?"

"சைகைக்குக் காது வேண்டாம் சார். கண்ணு போதும்."

"அந்த ஆளை அங்க போட்டது யாரு? நீங்கதான? ஃபோர்மேன் பாக்கலைன்னு எழுதினா உங்களுக்குத்தான் கெட்ட பேரு. யோசிச்சு எழுதுங்க."

அவர் சொன்னது சரிதான். தலைமை ஃபோர்மேன் இடம் காலியாகப் போகிறது, என் பெயர் பேச்சில் அடிபடுகிறது என்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், சிக்னல்காரர்தான் தவறிவிட்டாரோ என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. ஒரு மணி நேரம் டைம் கேட்டேன். பேனாவை மூடிவிட்டு, பார்த்தவர்களைக் கேட்கப் போனேன்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசுகிறவன் பார்த்ததையே எல்லோரும் பார்த்திருப்பார்கள். கிடங்குக்குள் இருந்தவர், பெட்டி ஏறும்போது கயிறு ஒரு பக்கம் நூல் நூலாகப் பிரிந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். கை சுளுக்கியவர், முதலில் பட்டென்று சத்தம் கேட்டது, அப்புறம்தான் பெட்டி சரிந்தது என்றார். விஞ்ச் டிரைவர், "நிறுத்துன்னு கை வந்துச்சு சார். நிறுத்திட்டேன். நின்ன பொறவுதான் அறுந்துச்சு" என்றார்.

கடைசியாக சிக்னல்காரரிடம் போனேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டு, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக ஒரு ஓரத்தில் நின்றிருந்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "நான் போயிருதேன் ஐயா. என்னால உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்றார். அதிகாரி பேசியது எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. அதிகாரியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார்.

நான் என் கண்ணைத் தொட்டுக் காட்டி, கொக்கியைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் தூக்கைக் கீழே வைத்தார். கைகளால் சொன்னார். பெட்டி ஏறுகிறது. மெதுவாக. கயிறு இங்கே மெலிகிறது. அவர் கை சடாரென்று உயர்ந்து நின்றது. நிறுத்து. பிறகு இரண்டு கையையும் பிரித்துக் காட்டினார். காட்டி முடித்துவிட்டு, அறுந்த கயிறு கிடந்த இடத்தைக் காட்டினார்.

அறுந்த கயிற்றை எடுத்துப் பார்த்தேன். வெளியே நன்றாகத்தான் இருந்தது. புரியைப் பிரித்தால் உள்ளே கறுத்து, விரலால் தேய்க்கப் பொடியாக உதிர்ந்தது. கடல் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளுக்குள்ளேயே மக்கிப் போயிருந்தது.

அந்தக் கயிறுகளைக் காலையில் வேலை தொடங்குமுன் பிரித்துப் பார்க்க வேண்டியவன் நான். அன்றைக்குக் கப்பல் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் பார்க்கவில்லை.

அப்படியே எழுதினேன். விழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்த நால்வரும் சொன்னது இது. கயிறு இந்த நிலையில் இருந்தது. காலையில் அதைச் சோதிக்க வேண்டியது என் பொறுப்பு, சோதிக்கவில்லை.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கடைசி வரி உங்களுக்குத் தேவையா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

தலைமை ஃபோர்மேன் இடம் வேறொருவருக்குப் போனது. என்னை நாலு மாதம் கரையிலுள்ள கிடங்கில் போட்டார்கள். பழைய கயிறுகளை எல்லாம் கழித்துவிட்டுப் புதியவை வாங்கினார்கள். சிக்னல்காரர் தன் இடத்திலேயே இருந்தார்.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிடங்கில் உட்கார்ந்து, தூரத்தில் கப்பலில் கொக்கி ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து வாசல் வரை போய் நிற்பேன். என் மனைவி அப்போது மூத்த பெண்ணைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒருநாள் நான் முகம் வாடி வந்ததைப் பார்த்து, "அந்த மனுசனைத் துரத்திட்டு அங்கன நின்னிருந்தா ஒங்களுக்குச் சோறு எறங்கியிருக்குமா?" என்று கேட்டாள். இறங்கியிருக்காது. அதை அவள் சொல்லிக் கேட்டது ஆறுதலாக இருந்தது.

ஒரு ஞாயிறு காலை சிக்னல்காரர் வீட்டுக்கு வந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. அந்த அம்மாள் அடுப்பங்கரைக்குப் போய் என் மனைவியோடு கிழங்கை அவித்தாள். இவர் என்னோடு வாசலில் உட்கார்ந்து, இப்போது வந்திருக்கும் கப்பலைப் பற்றிக் கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். புது ஃபோர்மேன் எப்படி என்று நான் சைகையில் கேட்டதற்கு, வாயைப் பெரிதாகத் திறந்து மூடிக் காட்டி, தன் காதைத் தொட்டு, நல்லவேளை என்பது போலக் கையைக் கூப்பினார். நான் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

நாலு மாதம் கழித்து என்னைத் திரும்பக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த திருவிழாவுக்கு, நடுவராக வர முடியுமா என்று விஞ்ச் டிரைவர் என்னைக் கேட்டார்.

"உங்க ஊர்ல என்னை விடுவாங்களா அண்ணாச்சி?"

"ரெண்டு பேரு முனங்குனானுவ. தன் தப்ப ஊரறியச் சொன்ன ஆளு வேற எவனாவது உண்டான்னு கேட்டேன். ஒருத்தனும் பேசல" என்றார்.

போனேன். அந்த ஆட்டத்திலும் ஒரு பந்து அவர் அணிக்கு எதிராகப் போனது. அவர் கை வலையில் பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். விசில் ஊதியதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஊர்த் திருவிழாவில் பெண்கள் ஆட்டமும் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள். கோட்டில் கொடி பிடித்து நிற்க ஒரு பெண் வேண்டும் என்று பள்ளியை நடத்தும் கன்னியர் மட சிஸ்டர்கள் கேட்டார்கள். என்னோடு ஊர் ஊராக வந்து உட்கார்ந்து என் மனைவிக்கு விதியெல்லாம் மனப்பாடம். "நான் நிக்கேன்" என்றாள். விஞ்ச் டிரைவரின் மனைவி எங்கள் பெண்ணை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிவப்புக் கொடியோடு என் மனைவி பின்கோட்டின் மூலையில் போய் நின்றாள்.

இரண்டு அணியும் சமமாக இருந்தபோது ஒரு பந்து அவள் நின்ற மூலைக்குப் போனது. நாற்காலியிலிருந்து பார்த்த எனக்கு உள்ளே விழுந்த மாதிரி இருந்தது. அவள் கொடியை உயரத் தூக்கினாள். வெளியே. பந்து விழுந்த இடத்துக்கும் அவளுக்கும் இரண்டடி தூரம். எனக்கோ முப்பது அடிக்கு மேல். நான் அவள் கொடிப்படி ஊதினேன்.

நாலு பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, உள்ளதான் அக்கா விழுந்துச்சு" என்று கத்தினார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறங்க வேண்டி வருமோ என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, பந்து விழுந்த குழியை விரலால் தொட்டுக் காட்டினாள். கோடாகக் கட்டியிருந்த கயிற்றுக்கும் குழிக்கும் நடுவில் நாலு விரலை வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்து, "வெளியதாம்மா. பாரு" என்றாள்.

அவர்கள் பார்த்தார்கள். பிறகு அடுத்த சர்வீசுக்குத் தங்கள் இடத்துக்குப் போனார்கள்.